சாய்வு என்று சொல்லுங்கள், பாரபட்சம் வேண்டாம்

வேலூர்ப் பக்கம் வானியல் பேச வருகிறவர்கள் வாயில் 'அளவீட்டுப் பாரபட்சம்' என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அளவு எப்போதும் ஒரே பக்கமாகத் தவறுவதை ஆங்கிலத்தில் 'பயஸ்' என்பார்கள், அதற்கு அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். பிரெஞ்சு 'பியே'யிலிருந்து வந்த சொல் அது, பொருள் சாய்வு, கோணல். ஓரவஞ்சனை என்ற பொருள் பிறகு ஏறியது.

சரி, இங்கே என்ன சாய்கிறது? தொலைதூர விண்மீன் மண்டலத்தின் (கேலக்ஸி) ஒளியை வழியிலுள்ள நிறை வளைக்கிறது. அந்த வளைவு மெல்லியதாக இருக்கும்போது, அதாவது வலுக்குறைந்த ஈர்ப்பு வில்லையில், மண்டலத்தின் உருவம் சுமார் 1 சதவீதமே திரியும். மண்டலங்களோ இயல்பிலேயே அதைவிடப் பல மடங்கு நீண்டவை, அதனால் அந்தத் திரிபை அளக்க லட்சக்கணக்கில் சேர்த்துச் சராசரி எடுக்கிறார்கள். தற்செயல் பிழைகள் சராசரியில் அடிபட்டுப் போகும், சாய்வு மட்டும் எத்தனை கோடி சேர்த்தாலும் அப்படியே நிற்கும். அதனால் வெறுமனே 'பிழை' என்பதும் போதாது.

பாரபட்சம் காட்ட ஒரு ஆள் வேண்டும், அவருக்கு வேண்டியவர் வேண்டாதவர் இருக்க வேண்டும். காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு மேலே காற்று அலைந்து படத்தை மங்கலாக்கினால், காற்று யாருக்கு வேண்டியவர்? மார்க்கெட் தராசைப் பாருங்கள், கடைக்காரர் உத்தமராகவே இருக்கலாம், படிக்கல் தேய்ந்திருந்தால் வாங்கும் எடைக்கேற்பத் தவறும் கூடும், அது பெருக்கல் சாய்வு. தட்டில் ஒட்டிய புளி எதை வைத்தாலும் ஒரே அளவு சேர்க்கும், அது கூட்டல் சாய்வு. மங்கல் மண்டலத்தை வட்டமாக்கித் திரிபைக் குறைத்துக் காட்டுவது முதல் வகை. கருவியே எல்லா உருவத்தையும் ஒரு பக்கமாக இழுத்தால் இரண்டாவது.

'பாரபட்ச நீக்கம்' என்றால் ஏதோ விசாரணைக் கமிஷன் போலிருக்கிறது. நடப்பது என்னவோ, எடுத்த படத்தையே தெரிந்த அளவுக்குச் செயற்கையாகத் திரித்து மறுபடி அளந்து, கருவி எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்து, அளந்த திரிபை அதைக் கொண்டு வகுப்பது. 2017-ல் வெளியான மெட்டாகேலிப்ரேஷன் முறை இதுதான். இப்படி மண்டல உருவங்களை அளக்க 2023-ல் ஏவிய யூக்ளிட் விண்கலத்துக்குப் பெருக்கல் சாய்வு ஆயிரத்தில் 2 அளவுக்குத் துல்லியமாகத் தெரிய வேண்டும். சாய்வுத் திருத்தம் என்றால் போதாதா?

தனித்தமிழ் அன்பர்கள் 'கோட்டம்' என்பார்கள். அழகான சொல்தான், ஆனால் இந்த ஊரில் கோட்டம் என்றால் வருவாய்க் கோட்டம், மின்வாரியக் கோட்டம்.

அப்புறம் ஒரு ஆட்சேபம், கணக்குப் புத்தகத்தில் சாய்வு என்பது கோட்டின் சாய்வு அல்லவா என்று. உண்மைத் திரிபுக்கு எதிரே அளந்த திரிபை வரைந்து பாருங்கள். 1 ஆக இருக்க வேண்டிய கோட்டின் சாய்வு 0.98 என்று வந்தால், குறையும் அந்த 0.02-தான் பெருக்கல் சாய்வு. கூட்டல் சாய்வு வெட்டுத்துண்டில், அதாவது கோடு செங்குத்து அச்சை வெட்டும் இடத்தில் தெரியும்.