ஜூன் 15க்கு முன்னால் வலிக்கக் கூடாது

நியூ ஜெர்சியில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் ஹைஸ்கூல் பிள்ளைகள். "பத்துக்கு எத்தனை வலிக்குது?" என்று கேட்டால், பதில் சொல்லுமுன் கூட வந்த அம்மாவையோ அப்பாவையோ ஒரு தரம் பார்ப்பார்கள். அப்புறம், "ரெண்டு" என்பார்கள்.

சென்ற வசந்தத்தில் வந்தவள் பத்தாம் வகுப்பு, சாக்கர் ஆடுகிறவள். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் ஓரிடத்தைத் தொட்டதுமே காலை இழுத்துக்கொண்டாள். அவள் வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்: "மூணு வாரத்துல ஷோகேஸ் இருக்கு டாக்டர். காலேஜ் கோச்சுங்க வருவாங்க. அதுவரைக்கும் டேப் போட்டுச் சமாளிச்சிடலாமா?"

அவசரத்துக்குக் காரணம் உண்டு. கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான டிவிஷன் 1 கோச்சுகள் பெரும்பாலான விளையாட்டுகளில் பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15க்குப் பிறகுதான் பிள்ளைகளோடு நேரடியாகப் பேசலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்கூட இன்ன கல்லூரிக்குத்தான் ஆடுவேன் என்று 'கமிட்' ஆகிக்கொண்டிருந்ததைப் பார்த்து, கல்லூரி விளையாட்டுகளுக்கு விதி வகுக்கும் என்சிஏஏ 2019இல் கொண்டுவந்த கட்டுப்பாடு இது. நல்ல நோக்கம்தான். ஆனால் பேசத்தான் தடை, பார்க்கத் தடை இல்லையே. அந்தத் தேதிக்குள் கண்ணில் பட்டுவிட வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஓட்டம். இலையுதிர் காலத்தில் பள்ளி அணி, அது முடிந்தால் கிளப், கோடையில் கல்லூரிகளே காசு வாங்கி நடத்தும் கேம்ப். எலும்புக்கு லீவே கிடையாது. ஒரே விளையாட்டை வருஷம் முழுக்க ஆடாமல், ஒவ்வொரு மாதமாகவாவது பிரித்து மூன்று மாதம் அதிலிருந்து ஒதுங்கியிருங்கள், வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு கொடுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016லேயே சொல்லிவிட்டது. என்னிடம் வரும் வீடுகளில் அப்படி ஒரு காலண்டரை நான் பார்த்ததில்லை.

இத்தனை பாடும் எதற்காக? வாய்வார்த்தையாகச் சொல்லும் 'கமிட்மென்ட்' இரண்டு பக்கத்தையும் கட்டுப்படுத்தாது. கோச் வேலை மாறினால் போச்சு. பெண்கள் சாக்கரில் பல வருஷமாக ஒரு டிவிஷன் 1 அணிக்கு 14 முழு ஸ்காலர்ஷிப் அளவுக்குத்தான் பணம். அதை இருபத்தைந்து, முப்பது பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். கல்லூரி வீரர்கள் என்சிஏஏ மீது போட்ட வழக்கில் 2025இல் நீதிமன்றம் ஏற்ற சமரச ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்த உச்சவரம்பு போய், அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அணியில் 28 பேர் என்று தலைக்கணக்கு வந்திருக்கிறது. அந்த 28 இடத்துக்கும் வேறு கல்லூரியிலிருந்து மாறி வரும் இருபது வயதுக்காரிகள் போட்டிக்கு நிற்கிறார்கள். கிளப்புக்கும் பயணத்துக்கும் கட்டிய பணத்தை ஸ்காலர்ஷிப்பில் எடுத்துவிடலாம் என்று கணக்குப் போடும் அப்பாக்களிடம் இதை நான் ஒளிப்பதில்லை.

அன்று அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் திரும்பக் கேட்டேன். "எட்டு" என்றாள். ராத்திரியிலும் வலிக்கிறதாம், இரண்டு மாதமாக. டாக்டரிடம் அனுப்பினேன். எம்ஆர்ஐயில் எலும்பில் விரிசல்.

"அடிபட்டிருக்குன்னு தெரிஞ்சா லிஸ்ட்ல இருந்து எடுத்துடுவாங்களே" என்றார் அப்பா. சிலர் எடுத்துவிடுவார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் மறைத்து ஆடி அந்த எலும்பு முழுசாக முறிந்தால் ஒரு சீசனே போகும். கோச்சுகளுக்கு அவளையே மெயில் எழுதச் சொன்னேன்: என்ன காயம், எப்போது திரும்புவேன், இதோ பழைய மேட்ச் வீடியோ. அவள் கேட்டது வேறு: "நான் ஆடலைன்னாலும் டீமோட போகலாமா?" போகலாம் என்றேன். வாக்கிங் பூட்டோடு போய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.