குரல் வாக்கெடுப்புக்கு முன்னும் பின்னும்

2015 ஏப்ரல் 24 ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை பிற்பகல் என்றால் நாடாளுமன்றத்தில் தனிநபர் அலுவல் நேரம். அமைச்சர் அல்லாத உறுப்பினர்கள் தாங்களே எழுதிக் கொண்டுவரும் மசோதாக்களுக்கும் தீர்மானங்களுக்கும் ஒதுக்கிய இரண்டரை மணி நேரம் அது. அதற்கென்று ஒரு சடங்கு உண்டு. மசோதா கொண்டுவந்தவர் உருக்கமாகப் பேசுவார். நாலைந்து பேர் ஆதரித்துப் பேசுவார்கள். அமைச்சர் எழுந்து, நோக்கம் நல்லது, அரசே விரிவாக ஒன்று கொண்டுவரும், நீங்கள் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்பார். அவரும் பெற்றுக்கொள்வார். அன்று மாநிலங்களவையில் தி.மு.க. உறுப்பினர் திருச்சி சிவா அப்படிச் செய்யவில்லை. தன்னுடைய திருநர் உரிமை மசோதாவை வாக்கெடுப்புக்கு விடச் சொன்னார். எதிர்ப்பே இல்லாமல் அது நிறைவேறியது. ஒரு தனிநபர் மசோதா ஏதாவது ஓர் அவையில் நிறைவேறியது 45 ஆண்டுகளில் அதுவே முதல் முறை.

ஆனாலும் அது சட்டமாகவில்லை. மக்களவையைத் தாண்டவே இல்லை. 2019 டிசம்பரில் வந்த திருநர் சட்டம் வேறு, அரசு எழுதியது. நடுவில் ஓடிய நாலரை ஆண்டுகளில் ஒரு மசோதாவுக்கு என்னவெல்லாம் நேரலாமோ கிட்டத்தட்ட அத்தனையும் நேர்ந்தது. அதனால் அதையே பின்தொடர்ந்து போகலாம். செய்தியில் நமக்குக் கிடைப்பது ‘மசோதா நிறைவேறியது’ என்ற ஒற்றை வரி. என்னைக் கேட்டால், வாக்கெடுப்பு நடக்கும் நாளில்தான் மிகக் குறைவான விஷயங்கள் முடிவாகின்றன.

அரசு மசோதா துறை அமைச்சகத்தில் பிறக்கிறது. கொள்கைக் குறிப்பை அமைச்சகம் எழுதும். அதைச் சட்ட மொழியில் வடிப்பது சட்ட அமைச்சகத்தின் கீழ் இருக்கும் சட்டமியற்றும் துறை. ஆங்கிலத்திலும் இந்தியிலும் வரைவு தயாராகி, அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபிறகுதான் நாடாளுமன்றத்துக்கு வரும். இதற்கு முன்னால் வரைவைக் குறைந்தது 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014 முதல் ஒரு கொள்கை இருக்கிறது. கொள்கைதான், சட்டம் இல்லை. வைக்காமல் விட்டால் மசோதாவுக்கு ஒன்றும் ஆகாது.

எழுதுகிற கை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் மசோதாவே சாட்சி. சிவாவின் வரைவில் கல்வியிலும் வேலையிலும் 2 சதவீத இடஒதுக்கீடு இருந்தது, தனி நீதிமன்றங்கள் இருந்தன, தேசிய ஆணையம் இருந்தது. 2016 ஆகஸ்டில் அரசு மக்களவையில் அறிமுகம் செய்த மசோதாவில் இடஒதுக்கீடு இல்லை, தனி நீதிமன்றம் இல்லை, ஆணையத்தின் இடத்தில் ஆலோசனை சொல்லும் ஒரு கவுன்சில். திருநர் என்றால் முழுமையாகப் பெண்ணும் அல்லாதவர், முழுமையாக ஆணும் அல்லாதவர் என்கிற ரீதியில் ஒரு வரையறை வேறு. தான் யார் என்பதைத் தானே சொல்லும் உரிமையை 2014-லேயே உச்ச நீதிமன்றம் ஏற்றிருந்தது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு இப்படி ஒரு வரையறையா என்று திருநர் அமைப்புகள் கொதித்ததில் வியப்பில்லை. இந்த மாற்றங்கள் எதற்கும் எந்த அவையிலும் வாக்கெடுப்பு நடக்கவில்லை. வரைவு மேசையிலேயே முடிந்துபோனவை.

அறிமுகம் சில நொடி வேலை. மசோதாவை அறிமுகம் செய்ய அமைச்சர் அனுமதி கேட்பார், அவை கொடுக்கும், அவர் “அறிமுகம் செய்கிறேன்” என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார். இந்தக் கட்டத்தில் உறுப்பினர்கள் எதிர்க்கலாம். ஆனால் முழு விவாதம் வேண்டுமென்றால், இந்தச் சட்டத்தை இயற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்று வாதிட வேண்டும்.

அப்புறம் நிலைக்குழு. நாடாளுமன்றத்தின் உருப்படியான வேலை நடக்கும் இடம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். துறை சார்ந்த நிலைக்குழுக்கள் 24. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். கேமரா கிடையாது, கட்சிக் கொறடாவின் உத்தரவும் அங்கே செல்லாது. அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கலாம், பாதிக்கப்படும் மக்களை வரவழைத்துப் பேச வைக்கலாம். திருநர் மசோதாவை எடுத்துக்கொண்ட குழு 2017 ஜூலையில் அறிக்கை கொடுத்தது, அந்த வரையறையைக் கண்டித்து. குழு சொல்வது பரிந்துரை மட்டுமே, அரசு கேட்டாக வேண்டியதில்லை. ஆனாலும் அடுத்த ஆண்டு மசோதா மக்களவைக்கு வந்தபோது அந்த வரையறை மாறியிருந்தது.

எல்லா மசோதாவும் குழுவுக்குப் போவதில்லை. அனுப்புவதா வேண்டாமா என்பது பெரும்பாலும் அரசின் விருப்பம். 2009-14 மக்களவைக் காலத்தில் பத்தில் ஏழு மசோதாக்கள் குழுவுக்குப் போயின. 2019-24 காலத்தில் ஆறில் ஒன்றுகூடச் சரியாகப் போகவில்லை. இதுதான் கவலைப்பட வேண்டிய மாற்றம் என்று நினைக்கிறேன். அவையில் நடக்கும் கூச்சல் தொலைக்காட்சியில் தெரிகிறது. குழுவில் நடக்காமல் போன விசாரணை யார் கண்ணிலும் படுவதில்லை.

குழுவிலிருந்து திரும்பியதும் அவையில் பொது விவாதம், அதற்கடுத்து பிரிவு வாரியாகப் பரிசீலனை. இதை நேரலையில் ஒருமுறை பொறுமையாகப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். மணிக்கணக்கில் பேசி முடித்த பிறகு சபாநாயகர் மூச்சு விடாமல் வாசிப்பார்: 2-ஆம் பிரிவு மசோதாவின் பகுதியாகிறது, 3-ஆம் பிரிவு, 4-ஆம் பிரிவு... திருத்தமே இல்லையென்றால் 2 முதல் 20 வரை ஒரே மூச்சில் தாண்டிவிடும். திருத்தம் கொடுத்திருக்கும் உறுப்பினரிடம் முன்மொழிகிறீர்களா என்று கேட்பார். அவர் ஆம் என்றால் குரல் வாக்கெடுப்பு, அநேகமாகத் தோல்வி, அடுத்த பிரிவு. ஒரு சொல்லைக் கூட்டுவதா குறைப்பதா என்பது முடிவாகும் இடம் இதுதான், ஆனால் வண்டி மிக வேகமாக ஓடுவதும் இங்கேதான்.

இதில் 1-ஆம் பிரிவு மட்டும் கடைசியில் வரும். சட்டத்தின் பெயரும் ஆண்டும் அதில்தான் இருக்கும். கூடவே ‘இந்தியக் குடியரசின் இத்தனையாவது ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றுவதாவது’ என்ற இயற்று வாசகமும் வரும். மற்ற பிரிவுகளில் என்ன மாறியது என்று தெரிந்தபிறகே தலைப்பை உறுதி செய்ய முடியும் என்பது இதன் தர்க்கம். 2016-இல் அறிமுகமான மசோதா குடியரசின் 67-ஆவது ஆண்டைச் சேர்ந்தது. அதே மசோதா 2018-இல் நிறைவேறினால் 69-ஆவது ஆண்டு. அந்த எண்ணை மாற்றவும் முறைப்படி ஒரு திருத்தம் கொடுத்து, குரல் வாக்கெடுப்பு நடத்தித்தான் ஆக வேண்டும். அதற்கும் ‘ஆம்’ சொல்கிறார்கள்!

குரல் வாக்கெடுப்பு என்பது ஆதரிப்போர் ‘ஆம்’, எதிர்ப்போர் ‘இல்லை’ என்று கத்துவது. எந்தச் சத்தம் பெரிது என்பதை அவைத் தலைவர் முடிவு செய்வார். அதை ஏற்காத உறுப்பினர் எண்ணிப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். உடனே மணி ஒலிக்கும். மக்களவையில் மூன்றரை நிமிடம் ஒலித்து முடிந்ததும் கதவுகளை மூடிவிடுவார்கள், வெளியே நின்றவருக்கு வாக்கு இல்லை. இருக்கையில் உள்ள பொத்தான்களில் பச்சை ஆதரவு, சிவப்பு எதிர்ப்பு, மஞ்சள் எந்தப் பக்கமும் இல்லை. 2020 செப்டம்பர் 20 அன்று வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவையில் அமளிக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. எண்ணிப் பார்க்கச் சொன்னோம், செய்யவில்லை என்றார்கள் எதிர்க்கட்சியினர். கேட்டவர்கள் தங்கள் இருக்கையில் இல்லை என்றார் அன்று அவையை நடத்திய துணைத் தலைவர்.

அப்படி எண்ணினாலும் திகில் ஒன்றும் பெரிதாக இருக்காது. 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகும். எந்தக் கட்சிக்கு எத்தனை பேர் என்று தெரிந்தவருக்கு முடிவும் முன்கூட்டியே தெரியும். மசோதாவின் உள்ளடக்கத்துக்கு வாக்கெடுப்பு நாள் அவ்வளவு முக்கியமில்லை என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

சரி, நம் மசோதா என்ன ஆனது? 2018 டிசம்பர் 17 அன்று 27 திருத்தங்களோடு மக்களவையில் நிறைவேறி மாநிலங்களவைக்குப் போனது. அங்கே எடுக்கப்படுவதற்குள் 2019 தேர்தல் வந்து, மக்களவை கலைந்தது, மசோதா காலாவதியானது. மக்களவையில் நிலுவையில் உள்ளதும், மக்களவை நிறைவேற்றி மாநிலங்களவையில் நிற்பதும் கலைப்போடு செத்துப்போகும். மாநிலங்களவையிலேயே அறிமுகமாகி இன்னும் மக்களவைக்குப் போகாத மசோதா மட்டும் உயிரோடு இருக்கும், ஏனென்றால் அந்த அவை கலைவதே இல்லை. மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா 1996 முதல் திரும்பத் திரும்ப இப்படிக் காலாவதியானதால்தான் 2008-இல் அதை மாநிலங்களவையில் அறிமுகம் செய்தார்கள். 2010 மார்ச் 9 அன்று அங்கே நிறைவேறியது. நிறைவேறி மக்களவைக்குப் போனதாலேயே அந்தப் பாதுகாப்பை இழந்து, 2014-இல் மறுபடியும் காலாவதியானது.

திருநர் மசோதா 2019 ஜூலையில் முதலிலிருந்து தொடங்கியது. முந்தைய வரைவில் இருந்து கடும் எதிர்ப்பைச் சந்தித்த இரண்டு விஷயங்களை, அதாவது ஒருவர் திருநர்தானா என்று பார்த்துச் சான்றிதழுக்குப் பரிந்துரைக்கும் மாவட்டத் தேர்வுக் குழுவையும் பிச்சை எடுக்க வைப்பது குறித்த குற்றப்பிரிவையும், இம்முறை நீக்கியிருந்தார்கள். இதுவும் வரைவு மேசையில் நடந்ததுதான். மக்களவையில் அது நிறைவேறிய நாள் ஆகஸ்ட் 5. அதே நாள் மாநிலங்களவையில் காஷ்மீரின் 370-ஆவது பிரிவு விவகாரம் நடந்துகொண்டிருந்தது; திருநர் மசோதாவை யார் கவனித்திருப்பார்கள்? நவம்பரில் மாநிலங்களவைக்கு வந்தபோது அந்த ஒரு மசோதாவை ஆராய மட்டும் அமைக்கும் தெரிவுக்குழுவுக்கு அனுப்பச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்தவர் அதே திருச்சி சிவா. தீர்மானம் தோற்றது. 26-ஆம் தேதி மசோதா நிறைவேறியது.

இரண்டு அவைகளும் ஒத்துப்போகவில்லை என்றால், அல்லது ஓர் அவை ஆறு மாதத்துக்கு மேல் கிடப்பில் போட்டால், குடியரசுத் தலைவர் கூட்டுக் கூட்டத்தைக் கூட்டலாம். வரதட்சணைத் தடை மசோதாவுக்காக 1961-இல், வங்கிப் பணியாளர் தேர்வாணையத்தை ஒழிக்க 1978-இல், பொடா சட்டத்துக்காக 2002-இல் என மூன்று மசோதாக்களுக்கு மட்டுமே அப்படிக் கூடியிருக்கிறார்கள். இன்னொரு குறுக்கு வழி நிதி மசோதா. வரி, அரசுச் செலவு போன்றவை மட்டுமே அடங்கிய மசோதா என்று சபாநாயகர் சான்றளித்துவிட்டால், மாநிலங்களவை 14 நாளுக்குள் பரிந்துரைகளோடு திருப்பி அனுப்பலாம், தடுக்க முடியாது. 2016-இல் ஆதார் மசோதா அந்த வழியில் போனது. 2018-இல் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் அது சரி என்றார்கள். நீதிபதி சந்திரசூட் மட்டும் அது அரசமைப்பின் மீதான மோசடி என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

அடுத்தது குடியரசுத் தலைவர். ஆளுநர்கள் மசோதாவை நிறுத்தி வைக்கும் விவகாரம் தனிக் கதை. இங்கே நாம் பேசுவது அரசமைப்பின் 111-ஆவது பிரிவு. அதன்படி அவர் ஒப்புதல் தரலாம், மறுக்கலாம், நிதி மசோதாவாக இல்லாத பட்சத்தில் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம். ஆதாயம் தரும் பதவிகள், அதாவது எம்.பி. ஒருவர் வகித்தால் அவருடைய எம்.பி. பதவியே பறிபோகக்கூடிய அரசுப் பதவிகள் குறித்த திருத்த மசோதாவை 2006 மே மாதம் அப்துல் கலாம் திருப்பி அனுப்பினார். ஏற்கெனவே பதவி வகித்தவர்களைக் காப்பாற்ற முன்தேதியிட்டு எழுதப்பட்ட மசோதா அது. நாடாளுமன்றம் ஓர் எழுத்தையும் மாற்றாமல் மறுபடி நிறைவேற்றி அனுப்பியது. இரண்டாவது முறை வந்தால் மறுக்க வழியில்லை, ஆகஸ்டில் கையெழுத்திட்டார். அவருக்கு முன் கியானி ஜெயில் சிங் வேறு மாதிரி. கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு அதிகாரம் தரும் அஞ்சல் திருத்த மசோதா 1986-இல் அவரிடம் வந்தது. கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. எத்தனை நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று 111-ஆவது பிரிவு சொல்லவில்லை, அந்த இடைவெளியை அவர் பயன்படுத்திக்கொண்டார். ஆர். வெங்கட்ராமன் வந்து 1990-இல் அதைத் திருப்பி அனுப்பினார், 2002-இல் அரசு திரும்பப் பெற்றுக்கொண்டது.

திருநர் மசோதாவுக்கு 2019 டிசம்பர் 5 அன்று ஒப்புதல் கிடைத்து, அந்த ஆண்டின் 40-ஆவது சட்டமாக அரசிதழில் வெளியானது. ஒப்புதல் கிடைத்துவிட்டதாலேயே சட்டம் நடைமுறைக்கு வந்துவிடாது. பெரும்பாலான சட்டங்களின் 1-ஆம் பிரிவிலேயே, மத்திய அரசு அறிவிக்கை மூலம் குறிக்கும் நாளில் இது நடைமுறைக்கு வரும் என்று ஓர் உட்பிரிவு இருக்கும். தில்லி வாடகைச் சட்டம் 1995-இல் இரு அவைகளிலும் நிறைவேறி ஒப்புதலும் பெற்றது. கடைக்காரர்கள் எதிர்த்தார்கள், தேதி குறிக்கப்படவே இல்லை. சட்டப் புத்தகத்தில் இருந்தும் அது ஒரு நாள்கூட அமலில் இருந்ததில்லை.

திருநர் சட்டத்துக்கு 2020 ஜனவரி 10 என்று தேதி குறித்தார்கள். ஆனால் அடையாளச் சான்றிதழுக்கு எந்தப் படிவத்தில் விண்ணப்பிப்பது, என்னென்ன இணைப்பது, மாவட்ட ஆட்சியர் எத்தனை நாளில் தர வேண்டும் என்பதெல்லாம் சட்டத்தில் இல்லை. அவை விதிகளில் வரும். விதிகளை எழுதுவது அமைச்சகம். அந்த ஆண்டு செப்டம்பரில்தான் அவை வெளியாயின. சான்றிதழுக்கு 30 நாள் கெடு அதில்தான் வந்தது. ஒரு திருநங்கை ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பத்தோடு நிற்கும்போது அவருக்குப் பயன்படுவது அநேகமாக இந்த விதிகள்தான். விதிகளையும் இரு அவைகளின் மேசையில் 30 நாள் வைத்தாக வேண்டும். அவைகள் நினைத்தால் மாற்றலாம், ரத்தும் செய்யலாம். அப்படிக் கேட்டுத் தீர்மானம் கொண்டுவரும் உறுப்பினர்கள் மிகச் சிலரே.