மீன்கொத்தியின் கண்ணும் அட்டையில் இரண்டு துளைகளும்

வாசகர் ஒருவர் இருபது படங்கள் அனுப்பியிருந்தார். வயல் குட்டையோரம் வெண்மார்பு மீன்கொத்தி, பத்து மீட்டர் தூரம், டிஎஸ்எல்ஆர் கேமராவில் (லென்ஸுக்குப் பின்னால் கண்ணாடி வைத்த கேமரா) 600 மி.மீ. லென்ஸ். "கண்ணைத்தான் குறி வைத்தேன், முன்னால் இருக்கும் குச்சிதான் பளிச்சென்று விழுகிறது. லென்ஸை சர்வீஸுக்குக் கொடுக்கலாமா?" என்று கேட்டிருந்தார்.

லென்ஸின் திறப்பு எஃப் 6.3-இல் அந்தத் தூரத்துக்கு, ஏபிஎஸ்-சி அளவு சென்சாரில் (படம் விழும் சில்லு) தெளிவாக விழும் ஆழம் மொத்தமே சுமார் 7 செ.மீ. பறவையின் நீளமோ 28 செ.மீ. ஆக, கொஞ்சம் பிசகினாலும் கண் போய்விடும்.

சரி, ஃபோகஸ் பிசகியது கேமராவுக்கு எப்படித் தெரிகிறது? வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு அட்டையில் குண்டூசியால் 2 மி.மீ. இடைவெளியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளை போடுங்கள். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணோடு அட்டையை ஒட்டி வைத்து, ஜன்னலுக்கு வெளியே தூரத்து மரத்தைப் பாருங்கள். இப்போது ஒரு சாண் தூரத்தில் குண்டூசியைச் செங்குத்தாகப் பிடியுங்கள். ஊசி இரண்டாகத் தெரியும். பார்வையை ஊசிக்குக் கொண்டுவாருங்கள், இரண்டும் நகர்ந்து வந்து ஒன்றாகும். மறுபடி மரத்தைப் பார்த்தபடியே வலது துளையை மட்டும் மூடினால், இடது பக்கத்து ஊசி மறையும். ஊசி ஃபோகஸுக்கு அப்பால் இருந்தால் வலது ஊசிதான் மறையும். அதாவது, இரண்டு பிம்பங்களின் இடைவெளி எவ்வளவு தப்பு என்று சொல்கிறது. எது எந்தத் துளையின் பிம்பம் என்பது எந்தப் பக்கம் தப்பு என்று சொல்கிறது. 1619-இல் கிறிஸ்டோஃப் ஷைனர் என்ற பாதிரியார் எழுதிவைத்த சோதனை இது. பள்ளியில் கதிர் வரைபடத்தை மனப்பாடம் செய்யவைக்கும் நேரத்தில் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்கினால் போதுமே என்று எனக்கு ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கும். ஒரு அட்டை, இரண்டு குண்டூசி, அவ்வளவுதான் செலவு.

டிஎஸ்எல்ஆரும் இதையேதான் செய்கிறது. லென்ஸுக்குப் பின்னாலுள்ள கண்ணாடியின் நடுப்பகுதி வழியே கொஞ்சம் வெளிச்சம் கசிந்து, அதற்கும் பின்னாலுள்ள சின்னக் கண்ணாடியில் பட்டு, கேமராவின் அடித்தளத்தில் இருக்கும் தனி சென்சாருக்கு இறங்குகிறது. லென்ஸின் இரு ஓரங்களிலிருந்து வரும் ஒளி அங்கே இரண்டு பிம்பமாக விழும். இடைவெளியை அளந்து, எந்தப் பக்கம், எவ்வளவு என்று கணக்கிட்டு மோட்டாரை ஓட்டுகிறது.

சிக்கலும் இங்கேதான். அளப்பது ஒரு சென்சார், படம் விழுவது இன்னொன்று. இரண்டு பாதைக்கும் 0.1 மி.மீ. வித்தியாசம் வந்தாலே, பத்து மீட்டரில் ஃபோகஸ் இரண்டரை செ.மீ. தள்ளிப்போகும். கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் படம் பிடிக்கும் சென்சாரே அளப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

உங்கள் கேமராவில் அந்த வித்தியாசம் இருக்கிறதா என்று பார்க்க, ட்ரைபாட் போட்டு, பத்து மீட்டரில் சுவரில் ஒட்டிய செய்தித்தாளை வியூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் துளை) வழியே பத்து முறை எடுங்கள், ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டு. அப்புறம் லைவ் வியூவில், அதாவது பின்திரையில் பார்த்து, பத்து. அப்போது படம் பிடிக்கும் சென்சாரே அளக்கும். லைவ் வியூ தெளிவாக இருந்து, வியூஃபைண்டர் படங்கள் எல்லாம் ஒரே பக்கம் தள்ளியிருந்தால் மட்டும் மெனுவில் ஃபோகஸ் நுண்திருத்தம் செய்யுங்கள். பல கேமராக்களில் -20 முதல் +20 வரை இருக்கும். ஃபோகஸ் முன்னால் விழுந்தால் எண்ணைக் கூட்ட வேண்டும். தாறுமாறாகச் சிதறினால் அதைத் தொடாதீர்கள், சூடான காற்றும் காரணமாக இருக்கலாம். மதிய வெயிலில் வேடந்தாங்கல் கரையிலிருந்து லைவ் வியூவைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். நத்தைகுத்தி நாரையின் கால் தண்ணீருக்குள் இருப்பதுபோல நெளிந்தது. சூடான காற்று ஒளியை வளைக்கும்போது எந்த லென்ஸாலும் ஒன்றும் செய்ய முடியாது.

வாசகரின் படங்களில் பதினான்கில் குச்சி தெளிவு, மீதி ஆறில் கண் மிகச் சரி. நுண்திருத்தம் தேவைப்படும் கோளாறானால் அந்த ஆறும் தவறியிருக்கும். ஃபோகஸை அளக்கும் சென்சாருக்குத் தேவை கூர்மையான விளிம்பு. வியூஃபைண்டரில் தெரியும் கட்டத்தைவிட அது பார்க்கும் இடமும் பெரிது. மென்மையான இறகை விட்டுவிட்டுக் குச்சியைப் பிடித்துக்கொண்டது. லென்ஸ் சர்வீஸுக்குப் போக வேண்டாம். பறவை பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தால், நடு ஃபோகஸ் புள்ளி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மார்பின் வெள்ளையும் பழுப்பும் சந்திக்கும் கோட்டைப் பிடியுங்கள். கண்ணும் கிட்டத்தட்ட அதே தூரத்தில்தான் இருக்கும்.