கூலிப்படை: யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது

கூலிப்படை (பெயர்ச்சொல்): தனக்குச் சம்பந்தமில்லாத போரில் பணத்துக்காகச் சண்டையிடும் அயலாரின் படை. ஒருவரைக் குறிக்கக் கூலிப்படையாள். பலரைக் குறிக்கக் கூலிப்படையினர். மலாயில் அஸ்கார் உப்பாஹான், தெந்தெரா உப்பாஹான். ஆங்கிலத்தில் மெர்சினரி.

அகராதிப் பொருள் இவ்வளவுதான். புழக்கத்தில் இந்தச் சொல் படும் பாடுதான் பெரிது. தமிழ்நாட்டுக் குற்றச் செய்திகளில் காசு வாங்கிக்கொண்டு ஆளை வெட்டும் கும்பல் கூலிப்படை. கோலாலம்பூரில் மலாய்ச் செய்தியைத் தமிழாக்கி வாட்ஸ்அப்பில் பகிர்பவருக்கு ஆப்பிரிக்காவில் துப்பாக்கிப் பயிற்சி தரும் ரஷ்யர்கள் எல்லாரும் கூலிப்படை. பட்டர்வொர்த் தளத்துக்குச் சுழற்சி முறையில் வந்துபோகும் ஆஸ்திரேலியச் சிப்பாய்களையும் வாக்குவாதச் சூட்டில் சிலர் அப்படிச் சொல்லிவிடுகிறார்கள். மூன்றும் வெவ்வேறு.

வேரைப் பார்த்தால் வசை எதுவும் இல்லை. மெர்சினரி லத்தீன் சொல். ‘மெர்செஸ்’ என்றால் ஊதியம். சோல்ஜர் என்ற மதிப்பான சொல்லும் ‘சாலிடஸ்’ என்ற ரோமப் பொற்காசிலிருந்து வந்ததே. ஆக, இருவரும் சம்பளக்காரர்கள்தான். தமிழிலும் கூலி இழிவான சொல்லாகப் பிறக்கவில்லை. முயற்சி ‘மெய்வருத்தக் கூலி தரும்’ என்கிறது குறள் (619). 762ஆம் குறளில் வரும் ‘தொல்படை’க்கு உரை எழுதும் பரிமேலழகர், மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என அறுவகைப் படைகளை எண்ணுகிறார். அங்கே கூலிப்படை ஒரு வகைப்பெயர் மட்டுமே. பரம்பரையாக அரசனோடு நிற்கும் மூலப்படை போலத் தோல்வி நேரத்தில் நிலைக்காது என்பதுதான் அதன் குறை. மலேசியத் தமிழரின் காதில் அந்தச் சொல் கூடுதலாகக் குத்துவதற்குக் காரணம் வேறு. தோட்டத்துப் பதிவேட்டில் ‘கூலி’ என்று எழுதப்பட்ட தலைமுறைகளின் கசப்பு அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்றைய சட்டப் பொருள் 1977இல் வந்தது. ஜெனீவா உடன்படிக்கைகளின் முதல் கூடுதல் நெறிமுறை, 47ஆம் பிரிவு, ஆறு சோதனைகளை வைக்கிறது. குறிப்பிட்ட போரில் சண்டையிடுவதற்கென்றே ஆள் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். உண்மையிலேயே சண்டையில் நேரடியாக இறங்கியிருக்க வேண்டும். முதன்மை நோக்கம் தன் ஆதாயமாக இருந்து, அதே தரத்துப் படைவீரருக்குக் கிடைப்பதைவிடக் கணிசமாகக் கூடுதல் பணம் பேசப்பட்டிருக்க வேண்டும். போரிடும் தரப்புகளின் குடிமகனாகவோ அவற்றின் கட்டுப்பாட்டுப் பகுதியில் வசிப்பவராகவோ இருக்கக் கூடாது. அந்தத் தரப்புகளின் ஆயுதப் படையில் உறுப்பினராக இருக்கக் கூடாது. போரில் சேராத வேறொரு நாடு தன் படைவீரராக, அலுவல் கடமையாக, அனுப்பியவராகவும் இருக்கக் கூடாது.

ஆறும் ஒருசேரப் பொருந்த வேண்டும். ஐந்து பொருந்தி ஒன்று தவறினாலும் சட்டப்படி கூலிப்படையாள் இல்லை. பொருந்திவிட்டால் போர்க் கைதி என்ற உரிமை போய்விடும். மனிதராக நடத்தப்படும் அடிப்படை உரிமை மட்டும் போகாது. இந்தப் பிரிவு நாடுகளுக்கிடையிலான போருக்கே உரியது என்பதும் பலர் கவனிக்காத ஒன்று. உள்நாட்டுப் போர்களையும் மனத்தில் வைத்து 1989இல் ஐ.நா. தனி உடன்படிக்கை ஒன்று கொண்டுவந்தது. கூலிப்படையைச் சேர்ப்பது, பயன்படுத்துவது, அதற்குப் பணம் தருவது, பயிற்சி தருவது எல்லாம் அதில் குற்றம். அது நடைமுறைக்கு வரவே 2001 ஆகிவிட்டது.

சொல் பெரும்பாலும் வழுக்கி விழுவது இரண்டாவது சோதனையில். பயிற்சி தருபவர் சண்டையில் ‘நேரடியாக இறங்கியவர்’ ஆவாரா?

பொதுப் பயிற்சி, அதாவது அணிவகுப்பு, குறிபார்த்துச் சுடுதல், வரைபடம் படித்தல், காயக்கட்டு, நேரடிப் பங்கேற்பு ஆகாது. பயிற்சி பெற்றவர் நாளை என்ன செய்வார் என்பது வேறு சங்கதி. ஆனால் இன்ன ஊரில் இன்ன இலக்கைத் தாக்கவேண்டும் என்று முன்கூட்டியே முடிவாகி, அதற்கென்றே ஆள் சேர்த்துப் பயிற்றினால், அந்தப் பயிற்சி தாக்குதலின் ஒரு பகுதியாகிவிடலாம். செஞ்சிலுவைச் சங்கத்தின் அனைத்துலகக் குழு 2009இல் வெளியிட்ட விளக்கம் இதைத்தான் சொல்கிறது. ராணுவ வட்டாரங்களில் இதற்கு நான்கு படிகள் உண்டு: பயிற்றல், ஆலோசனை சொல்லல், துணைநிற்றல், உடன்செல்லல். முதல் படியில் பயிற்றுநர் பயிற்சித் திடலில் நிற்கிறார். நான்காம் படியில் அதே ஆள் ரோந்து வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறார். 2017 அக்டோபர் 4 அன்று நைஜரின் தொங்கோ தொங்கோ கிராமத்தருகே நான்கு அமெரிக்கச் சிப்பாய்கள் பதுங்கியிருந்தவர்களால் தாக்கிக் கொல்லப்பட்டது இந்த நான்காம் படியில்தான். அவர்கள் அரசு அனுப்பிய படைவீரர்கள். சண்டைக்குள் இருந்தாலும் கூலிப்படை அல்லர்.

தனியார் நிறுவனம் வரும்போது கோடு மங்குகிறது. 1984 முதல் இலங்கையின் சிறப்பு அதிரடிப் படைக்குப் பயிற்சி தந்த கே.எம்.எஸ். என்ற பிரிட்டிஷ் நிறுவனம் நம்மில் பலருக்குத் தெரிந்த பெயர். அதன் ஆட்கள் பயிற்சித் திடலோடு நின்றார்களா, ஹெலிகாப்டர் ஓட்டித் தாக்குதலிலும் சேர்ந்தார்களா என்பதே விவகாரம். போர்க்குற்றம் நடந்ததா என லண்டன் போலீசார் 2020இல் விசாரணை தொடங்கினார்கள். மத்திய ஆப்பிரிக்கக் குடியரசிலும் அதே கதை: 2018 தொடக்கத்தில் ரஷ்யா 5 ராணுவப் பயிற்றுநரையும் 170 ‘சிவிலியன் பயிற்றுநர்’களையும் அனுப்பியது. ‘பயிற்றுநர்’ என்ற பெயரில் வந்தவர்கள் களத்தில் முன்னணியில் நின்று சண்டையிட்டார்கள் என 2021இல் ஐ.நா. வல்லுநர் குழு அறிக்கை தந்தது. கூலிப்படை என்று கண்டபடி எழுதுவது ஒரு தவறு என்றால், ஓர் அரசு ‘பயிற்றுநர்’ என்று சொன்னதை அப்படியே மேற்கோள்குறி இல்லாமல் எழுதுவது அதைவிடப் பெரிய தவறு.

பாப்புவா நியூ கினியில் 1997இல் நடந்தது பாடப்புத்தக உதாரணம். பூகன்வில் தீவின் கிளர்ச்சியை அடக்க, சாண்ட்லைன் என்ற நிறுவனத்துடன் 3 கோடியே 60 லட்சம் அமெரிக்க டாலருக்கு அரசு ஒப்பந்தம் போட்டது. வந்தவர்கள் ‘ஸ்பெஷல் கான்ஸ்டபிள்’களாகப் பதிவு செய்யப்படுவார்கள் என்று அதில் ஒரு விதி. 1948இல் தொடங்கிய மலாயா அவசரகாலத்தில் நம் ரப்பர்த் தோட்டங்களைக் காத்த எஸ்.சி.களின் (ஸ்பெஷல் கான்ஸ்டபிள்) அதே பதவிப்பெயர். அரசின் சீருடைக்குள் புகுத்திவிட்டால் ஐந்தாம் சோதனையில் நழுவிவிடலாம் என்ற கணக்காகவே அது படுகிறது. சட்டத்தை ஏய்க்கலாம், சொந்தச் சிப்பாயை ஏய்க்க முடியவில்லை. தமக்கு ஒழுங்கான குடியிருப்பும் தளவாடமும் இல்லாதபோது அயலாருக்குக் கோடிகளா என்று அந்நாட்டுப் படையே கொந்தளித்தது. தளபதி ஜெரி சிங்கிரோக் சாண்ட்லைன் ஆட்களைப் பிடித்து வெளியேற்றினார். பிரதமர் ஜூலியஸ் சான் மார்ச் மாதமே ஒதுங்கவேண்டி வந்தது.

மோதல் நிறைந்த நாட்டில் அயல்நாட்டுப் பயிற்சி தோற்றுப்போவது பெரும்பாலும் இப்படித்தான்: சுடக் கற்றுத்தரச் சில வாரம் போதும், சம்பளப் பட்டியல், பழுதுபார்ப்பு, கட்டளைக்குக் கீழ்ப்படியும் பழக்கம் இவற்றுக்கு ஆண்டுகள் ஆகும். 2014இல் ஈராக் ராணுவத்தில் 50,000 பெயர்கள் சம்பளப் பட்டியலில் மட்டுமே இருந்ததாக அந்நாட்டுப் பிரதமரே அறிவித்தார். 2021இல் ஆப்கானிஸ்தானில் வெளிநாட்டு ஒப்பந்தப் பொறியாளர்கள் கிளம்பியதும் விமானப் படையின் விமானங்கள் பல தரையிலேயே நின்றன. 2012 மார்ச்சில் மாலியில் ஆட்சியைக் கவிழ்த்த கேப்டன் சனோகோ அமெரிக்காவில் பயிற்சி பெற்றவர். பயிற்சி எல்லை தாண்டியும் போகும்: 2021 ஜூலையில் ஹைட்டி அதிபர் மொய்ஸ் கொலையில் பிடிபட்ட கொலம்பிய முன்னாள் சிப்பாய்களில் சிலர் முன்பு அமெரிக்கப் பயிற்சி பெற்றவர்கள். அங்கே போர் இல்லை. ஆகவே ஜெனீவா பொருளில் அது கூலிப்படை ஆகாது, கூலிக்குக் கொலை.

உள்ளூர் ஐயங்களைச் சுருக்கமாகத் தீர்த்துவிடலாம். மலாயாக் காட்டில் 1948 முதல் சண்டையிட்ட கூர்க்காக்கள் பிரிட்டிஷ் ராணுவத்தின் முறையான உறுப்பினர்கள். ஐந்தாம் சோதனையில் விலகிவிடுகிறார்கள். பட்டர்வொர்த்தில் தங்கும் ஆஸ்திரேலியர் 1971இன் ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாட்டின் பின்னணியில் வருபவர்கள். அங்கே போரே இல்லை. கோண்டோ வாசலில் நிற்கும் ஜாகா நேப்பாள முன்னாள் சிப்பாயாக இருக்கலாம், சம்பளத்துக்கு வந்தவர்தான். ஆனால் அவர் காவலர். ஒப்பந்தம் போட்டுப் போர்ச்சேவை விற்கும் கம்பெனியைத் தனியார் ராணுவ நிறுவனம் எனலாம். கொள்கைக்காக வேறு நாட்டுப் போருக்குப் போகிறவர் அயல்நாட்டுப் போராளி. பணத்தைப் பேசாமல் அவரைக் கூலிப்படையாக்க வேண்டாம். நகரத்தில் வெட்டுக்குத்துக்கு ஆள் அனுப்புவோருக்கு அடியாட்கள், கூலிக் கொலையாளிகள் போதும். படை என்று பெருமைப்படுத்த ஒன்றுமில்லை.

கடைசியாக, பயிற்சியாளர் என்ற சொல். பயில் தன்வினை, பயிற்று பிறவினை; எனவே கற்பவர் பயிலுநர், கற்பிப்பவர் பயிற்றுநர், மலாயில் ஜூருலாத்தி. பயிற்சியாளர் இரண்டுக்கும் இடம் தருகிறது. கால்பந்துச் செய்தியில் பாதகமில்லை. ‘முகாமில் பயிற்சியாளர்கள் நால்வர் பலி’ என்று தலைப்புப் போட்டால், செத்தவர் உள்ளூர் இளைஞரா, வெளிநாட்டுச் சிப்பாயா என்பதே வாசகருக்குத் தெரியாமல் போகும்.