கோப்பின் நேரம் எந்த ஆண்டு வரை ஓடும்?

பென் டிரைவுக்கு ஒரு ஃபோல்டரை நகலெடுத்துவிட்டு, அடுத்த நிமிடமே ஆர்சிங்கை (rsync, மாறிய கோப்புகளை மட்டும் நகலெடுக்கும் நிரல்) ஓட்டினால், எதுவுமே மாறாத கோப்புகளைக்கூட அது மறுபடி நகலெடுப்பதைப் பார்க்கலாம். காரணம், பென் டிரைவில் இருக்கும் ஃபேட் (FAT) கோப்பு முறைமை, அதாவது கோப்புகளையும் அவற்றின் நேரத்தையும் பதிந்து வைக்கும் முறை. ஒரு நாளின் நேரத்துக்கு அதில் 16 பிட்தான் இடம். மணிக்கு 5, நிமிடத்துக்கு 6 போனால் நொடிக்கு மிஞ்சுவது 5. ஐந்து பிட்டில் 32 எண்களுக்குமேல் எழுத முடியாது, நொடிகளோ 60. அதனால் இரண்டிரண்டு நொடியாக எண்ணுகிறார்கள். 10:15:07 என்று எழுத வழியே இல்லை. 06 அல்லது 08தான். ஒரு நொடி வித்தியாசத்தைப் பார்த்து, கோப்பு மாறிவிட்டது என்று ஆர்சிங்க் நினைத்துக்கொள்கிறது. இந்தச் சின்ன வித்தியாசத்தை விட்டுவிடச் சொல்ல அதில் தனி ஆப்ஷனே இருக்கிறது.

ஆண்டுக்கும் எல்லை உண்டு. ஃபேட் 1980 முதல் 2107 வரை. லினக்ஸின் பழைய கோப்பு முறைமையான எக்ஸ்ட்3 (ext3), 1970 முதலான நொடிகளைக் குறியுள்ள (கழித்தல் எண்ணும் எழுதக்கூடிய) 32 பிட்டில் வைப்பதால் 2038 ஜனவரி 19 அன்று நிரம்பிவிடும். அதற்கடுத்து வந்த எக்ஸ்ட்4 கூடுதலாக 32 பிட் சேர்த்தது: 30 பிட் நானோநொடிக்கு, மீதி 2 பிட் ஆண்டை 2446 வரை நீட்ட.

சரி, 2500ஆம் ஆண்டைப் போடு என்று ஒரு நிரல் கேட்டால்? மேல் பிட்டுகளை வெட்டி எழுதுவதுதான் மோசமான வழி. எதிர்காலக் கோப்பு 1901க்குக்கூடப் போய்விடலாம். மாறிய நிரலை மட்டும் மறுபடி தொகுக்கும் மேக் (make) போன்ற கருவிகள் எது புதிது என்று நேரத்தை வைத்தே முடிவெடுப்பதால், திருத்திய நிரலையும் பழசு என்று ஒதுக்கிவிடும். லினக்ஸ் 5.4 முதல், ஒவ்வொரு கோப்பு முறைமையும் தன் கீழெல்லையையும் மேலெல்லையையும் இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் சொல்லிவிடலாம். அதைத் தாண்டிய நேரம் எல்லையிலேயே நிறுத்தப்படும். என் பார்வையில் அதுதான் சரி. எதிர்காலம் எதிர்காலமாகவே நிற்கும்.

நுணுக்கமான இன்னொரு வேலை, நினைவகத்தில் நடப்பது. வட்டில் முழு நொடிதான் நிற்கும் என்றால், நினைவகத்தில் இருக்கும் ஐநோடிலும் (inode, கோப்பின் நேரம், அளவு போன்ற விவரங்களின் பதிவு) நானோநொடியை அப்போதே வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் கேஷிலிருந்து, அதாவது நினைவகத்தின் தற்காலிகச் சேமிப்பிலிருந்து, அந்த ஐநோட் வெளியேறி, வட்டிலிருந்து மறுபடி ஏறும்போது, யாரும் தொடாத கோப்பின் நேரம் பின்னால் நகர்ந்திருக்கும்.

நிரல் எழுதுபவர்களுக்கு ஒன்று: நேரம் எல்லையில் நிறுத்தப்பட்டாலும் நேரத்தை மாற்றச் சொல்லி நிரல் கெர்னலிடம் வைக்கும் கோரிக்கை, அதாவது சிஸ்டம் கால், வெற்றி என்றே திரும்பும். கேட்ட நேரம்தான் பதிவானதா என்று அறிய, கோப்பின் விவரங்களைத் தரும் ஸ்டாட் (stat) போட்டுப் படித்துப் பார்ப்பதே வழி.