நீராவி வைத்த பிறகு: புரோஸ்டேட் ஆற ஏன் மூன்று மாதம் ஆகிறது?

என் மாமாவுக்குப் புரோஸ்டேட் வீக்கத்துக்கு நீராவி சிகிச்சை செய்து பன்னிரண்டாம் நாள், காலை ஆறு மணிக்குப் போன் வந்தது. "முன்னாடி ராத்திரி நாலு தடவை எழுந்தேன், இப்ப ஏழு தடவை எழுறேன்ப்பா. எரியுது. நேத்து கொஞ்சம் சிவப்பாவும் போச்சு. தப்பா எதுவும் பண்ணிட்டாங்களா?" என்று கேட்டார். குரலில் பயம் தெரிந்தது. தப்பாக எதுவும் நடந்திருக்கவில்லை, பன்னிரண்டாம் நாளில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் அதை அவருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கையில் கொடுத்து அனுப்பிய தாளில் "தண்ணீர் நிறையக் குடிக்கவும், காரம் குறைக்கவும்" என்று இரண்டு வரிதான் இருந்தது.

இந்தச் சிகிச்சையில் ஆஸ்பத்திரியில் நடப்பது ஆரம்பம் மட்டும்தான், மீதி வேலையை அடுத்த மூன்று மாதங்களில் உடம்பே செய்துகொள்கிறது. இது புரிந்துவிட்டால் இடையில் வரும் எரிச்சல், ரத்தம், அவசரம் எல்லாவற்றுக்கும் காரணம் தெரிந்துவிடும். பாதிப் பயம் அதிலேயே போய்விடும் என்று நினைக்கிறேன்.

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம். புரோஸ்டேட், சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி மோதிரம் மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பி. இளம் வயதில் 20 கிராம் அளவுக்கு இருக்கும். வயது ஏற ஏற அதன் உள்பகுதி, அதாவது குழாயை ஒட்டிய பகுதி, பெருக்கத் தொடங்குகிறது. 60 வயதில் ஏறக்குறைய பாதி ஆண்களிடம் இந்த மாற்றம் இருக்கும். இது புற்றுநோய் இல்லை. ஆனால் குழாய் நெரிபடுவதால் சிறுநீர்ப்பை ஒவ்வொரு முறையும் கூடுதல் பலத்தோடு தள்ள வேண்டியிருக்கிறது, அப்படியே பல வருடம் தள்ளித் தள்ளி அதன் தசை தடித்துப்போகிறது, கொஞ்சம் நிரம்பினாலே துடிக்கப் பழகிவிடுகிறது. இந்தப் பழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

நீராவி சிகிச்சைக்கு ரெஸூம் என்று பெயர். அமெரிக்காவில் 2015இல் அனுமதி கிடைத்தது, இப்போது இந்தியாவிலும் சில பெரிய நகரங்களில் செய்கிறார்கள். சிறுநீர்த் துவாரம் வழியாக ஒரு கருவியை உள்ளே விட்டு, பெருத்த பகுதியில் மெல்லிய ஊசியைக் குத்தி, ஒவ்வொரு இடத்திலும் 9 விநாடி நீராவி செலுத்துவார்கள். வெளியே வெட்டுக் காயம், தையல் எதுவும் கிடையாது, சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஒரு குத்துக்குச் செலவாகும் தண்ணீர் அரை மில்லிகூட இல்லை. அவ்வளவு சிறிய அளவு எப்படிப் போதும்?

இட்லிப் பானையின் மூடியைத் திறக்கும்போது கையில் நீராவி அடித்திருந்தால் பதில் ஏற்கெனவே உங்களுக்குத் தெரியும். 100 டிகிரி வெந்நீர் ஒரு கிராம் உடம்பின் சூட்டுக்கு ஆறும்போது சுமார் 63 கலோரி வெப்பத்தைத்தான் விடுகிறது (சாப்பாட்டுக் கணக்கில் சொல்லும் பெரிய கலோரி இல்லை, இயற்பியலின் சின்னக் கலோரி). அதே ஒரு கிராம் நீராவியாக வந்தால், தண்ணீராக மாறும் அந்த நொடியிலேயே 540 கலோரியைக் கொட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் ஆறத் தொடங்குகிறது. ஆக அரை மில்லிக்கும் குறைவான தண்ணீர், ஒரு குத்துக்கு சுமார் 200 கலோரி வெப்பத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது.

இன்னொரு விஷயம் எனக்கு இதைவிட வியப்பாக இருக்கிறது. இதற்கு முன்பு மைக்ரோவேவ், ரேடியோ அலை என்று வெப்பத்தை வைத்துச் செய்த சிகிச்சைகளில் சூடு ஒரு புள்ளியில் தொடங்கி மெல்ல மெல்லப் பரவ வேண்டும், பக்கத்தில் அதிகம், தள்ளிப்போகப் போகக் குறைவு. நீராவி அப்படி இல்லை, செல்களுக்கு இடையிலுள்ள இடுக்குகளில் புகுந்து போய், போன இடத்தில் எல்லாம் குளிர்ந்து சூட்டை விடுகிறது. பெருத்த உள்பகுதிக்கும் வெளிப்பகுதிக்கும் நடுவே ஒரு கெட்டியான தடுப்பு இருக்கிறது, நீராவி அதைத் தாண்டாமல் உள்ளேயே நின்றுவிடுகிறது. விறைப்புக்கான நரம்புகள் சுரப்பிக்கு வெளியே ஓடுகின்றன, அதனால் அவற்றுக்குச் சூடு போய்ச் சேருவதில்லை.

சரி, சூடு பட்ட செல்கள் இறந்துவிட்டன. ஆனால் இறந்தவை அங்கேயேதான் இருக்கின்றன! சுரண்டி எடுக்கும் பழைய அறுவை சிகிச்சையில் அடைப்பு அன்றைக்கே வெளியே வந்துவிடும், இங்கே எதையும் எடுக்கவில்லை. மாறாக, சூடு பட்ட இடம் முதலில் வீங்குகிறது. ஏற்கெனவே நெரிபட்ட குழாய் இன்னும் கொஞ்சம் நெரிபடுகிறது. அதனால்தான் சிறுநீர் வெளியேற, துவாரம் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் ஒரு டியூப் போட்டு அனுப்புகிறார்கள். சிகிச்சைக்கு முந்தைய நாள்வரை தானாகச் சிறுநீர் கழித்தவரை டியூபோடு வீட்டுக்கு அனுப்பினால் குடும்பமே பயந்துவிடுகிறது, ஆனால் வீக்கம் வடியும் வரைக்கும் தற்காலிக வழி அது, அவ்வளவுதான். பெரும்பாலும் மூன்று நாளிலிருந்து ஒரு வாரம், சுரப்பி பெரிதாக இருந்தால் இன்னும் சில நாள்.

டியூப் இருக்கும் நாட்கள்தான் பலருக்கும் கொடுமை. டியூபின் நுனியில் சின்ன பலூன் ஒன்று தண்ணீர் நிரப்பி வைக்கப்பட்டிருக்கும், அது நழுவாமல் பிடித்துக்கொள்வதற்கு. அந்தப் பலூன் உட்காரும் இடமோ சிறுநீர்ப்பையின் அடித்தளம், உணர்ச்சி மிகுந்த இடம். பை முழுக்கக் காலியாக இருந்தாலும் பலூன் அழுத்துவதை "நிரம்பிவிட்டது" என்று மூளை எடுத்துக்கொள்கிறது, உடனே பை இறுகிப் பிழிகிறது, அந்த வேகத்தில் டியூபைச் சுற்றி நாலு சொட்டு கசிகிறது. டியூப் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துவிடுவார்கள். டியூபோடு வெளியே தொங்கும் யூரின் பேக்கில் சிறுநீர் தொடர்ந்து சேர்ந்துகொண்டிருந்தால் இது வெறும் பிழிச்சல்தான், அதற்கு மாத்திரை உண்டு. கசிவு மட்டும் இருக்கிறது, பேக்கில் ஒன்றுமே சேரவில்லை, அடிவயிறு உப்புகிறது என்றால் டியூப் மடங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். யூரின் பேக் எப்போதும் இடுப்புக்குக் கீழேயே இருக்கட்டும். படுக்கும்போது கட்டில் மேல் தூக்கி வைத்தால் உள்ளே இருப்பது திரும்ப ஓடும், தொற்றுக்கு அதுவே வழி.

டியூபை எடுக்கும் நாளுக்குக் கொஞ்சம் முன்பு சளி பிடித்தால், கடையில் கேட்டு ஒரு சளி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். மூக்கடைப்புக்கான ஃபீனைல்எஃப்ரின், சூடோஎஃபெட்ரின் போன்ற மருந்துகள் ரத்தக் குழாய்களை இறுக்குவதற்கு எந்த ஏற்பிகளை (செல்லில் மருந்து ஒட்டிக்கொள்ளும் இடங்களை) தொடுகின்றனவோ, அதே வகை ஏற்பிகள் புரோஸ்டேட்டின் தசையிலும் இருக்கின்றன. அந்தத் தசையைத் தளர்த்தத்தான் டாக்டர் டாம்சுலோசின் எழுதிக் கொடுத்திருப்பார். ஒரு கையால் தளர்த்தி மறு கையால் இறுக்கின கதை. கூடவே இருக்கும் குளோர்ஃபெனிரமின், சிறுநீர்ப்பை பிழியும் பலத்தையும் குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் சிறுநீர் அடைத்துக்கொண்டு டியூபை மறுபடி போட வேண்டி வரலாம்.

அப்படி மறுபடி போட நேர்ந்தாலும் சிகிச்சை தோற்றுவிட்டது என்று அர்த்தம் இல்லை. வீக்கம் இன்னும் வடியவில்லை, அவ்வளவுதான். சில நாள் கழித்துத் திரும்ப எடுத்துப் பார்ப்பார்கள்.

இனி மாமாவின் பன்னிரண்டாம் நாளுக்கு வருவோம். டியூப் போன பிறகு முதல் சில வாரங்கள், இறந்த திசுவை அப்புறப்படுத்தும் வேலை நடக்கிறது. வெள்ளணுக்கள் வந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிச் செரிக்கின்றன, குழாயை ஒட்டிய பகுதி மட்டும் சின்னச் சின்னத் துணுக்குகளாக உதிர்ந்து சிறுநீரோடு வரலாம். உதிர்ந்த இடம் புதுத் தோல் மூடாத புண், அதன் மேல் சிறுநீர் படும்போது எரியத்தான் செய்யும். ரத்தமும் அங்கிருந்துதான். ஒரு லிட்டர் சிறுநீரில் ஒரு மில்லி ரத்தம் கலந்தாலே கண்ணுக்கு நிறம் தெரிந்துவிடும், அதனால் சிவப்பைப் பார்த்து அளவை மதிப்பிட்டால் எப்போதும் அதிகமாகத்தான் தோன்றும். ரோஜா நிறமாக வந்து, தண்ணீர் குடித்ததும் வெளுத்தால் கவலை இல்லை. கெட்டியான சிவப்பாக, கட்டி கட்டியாக வந்தாலோ, 38 டிகிரி செல்சியஸுக்கு (100.4 ஃபாரன்ஹீட்) மேல் காய்ச்சலும் குளிர் நடுக்கமும் வந்தாலோ, விரை வீங்கி வலித்தாலோ, சிறுநீரே வராமல் நின்றாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அதை எப்போது மறுபடி தொடங்குவது என்று இதய டாக்டரையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆறிக்கொண்டிருந்த புண் இரண்டாவது வாரத்தில் திடீரென்று சிவப்புக் காட்டுவதும் உண்டு. பெரும்பாலும் முக்கினதால்தான். மலச்சிக்கலோடு முக்கும்போதும், கேஸ் சிலிண்டரையோ 20 லிட்டர் தண்ணீர் கேனையோ தூக்கும்போதும் வயிற்றின் அழுத்தம் நேராக அந்தப் பகுதியில் இறங்குகிறது. மாமா என்ன செய்தார் என்று விசாரித்தபோது, கேனைத் தூக்கிக் கவிழ்த்திருக்கிறார். அவ்வளவு நாள் சும்மா இருந்தது போதும் என்று தோன்றியதாம். இந்த நாட்களில் இசப்கோல் ஒரு நல்ல துணை. தண்ணீர் தாராளமாக, ஆனால் இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர்கள் டாக்டர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது, மற்றவர்களும் சாயந்திரத்துக்குப் பிறகு குறைத்துக்கொண்டால் ராத்திரி தூங்கலாம். காபி, டீ, மது மூன்றும் எரிச்சலைக் கூட்டுபவை. பைக்கை எப்போது எடுக்கலாம் என்பதையும் டாக்டரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள், சீட்டின் அழுத்தம் படுவது சரியாக அங்கேதான்.

ராத்திரி ஏழு தடவை எழுந்ததற்கு இரண்டு காரணம். ஒன்று, புண்ணின் எரிச்சல். இரண்டாவது, முன்பு சொன்ன சிறுநீர்ப்பையின் பழக்கம்: வழி திறக்க ஆரம்பித்துவிட்டது என்பது பல வருடம் அழுத்தித் தள்ளிய தசைக்கு உடனே புரிவதில்லை, அது அடங்க வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள். ராத்திரி எழும்போது மட்டும் நிதானம் வேண்டும். டாம்சுலோசின் போன்ற மாத்திரைகள் எழுந்தவுடன் தலைசுற்ற வைக்கலாம், அவசரத்தில் பாத்ரூமுக்கு ஓடி விழுவது இந்த வயதில் புரோஸ்டேட்டைவிடப் பெரிய ஆபத்து. மாத்திரையை நிறுத்துவதும் டாக்டர் சொல்லும்போதுதான்.

இந்தப் பொறுமைக்கு ஆதாரம் உண்டா? உண்டு. அமெரிக்காவில் 15 இடங்களில் 197 பேரை வைத்து நடந்த ஆய்வில் ஒரு பகுதியினருக்கு நீராவி செலுத்தவே இல்லை, கருவியை மட்டும் உள்ளே விட்டு, நீராவி செலுத்தும் சத்தத்தைப் போலச் செய்து காட்டினார்கள், எந்தக் குழுவில் இருக்கிறோம் என்று நோயாளிக்குத் தெரியாது. இந்தத் தொந்தரவுகளை 35க்கு அளக்கும் ஒரு மதிப்பெண் உண்டு, அதிகமானால் மோசம். மூன்று மாதம் கழித்து, நீராவி பெற்றவர்களுக்கு அது சராசரியாக 11 புள்ளி குறைந்தது, சத்தம் மட்டும் கேட்டவர்களுக்கு 4 புள்ளி. சிறுநீரின் வேகமும் விநாடிக்குச் சுமார் 6 மில்லி கூடியது. ஐந்து வருடம் வரை தொடர்ந்து பார்த்ததில் மறுபடி அறுவை சிகிச்சை தேவைப்பட்டவர்கள் 4.4 சதவீதம். ஸ்கேன் எடுத்துப் பார்த்த இன்னொரு ஆய்வில், ஆறு மாதத்துக்குள் சூடு பட்ட இடம் கிட்டத்தட்ட மறைந்து, சுரப்பியின் மொத்த அளவில் கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது. அதாவது வழி திறப்பது செல்கள் இறப்பதால் இல்லை, இறந்ததை உடம்பு கரைத்து எடுப்பதால்.

வெட்கப்பட்டுப் பலர் கேட்காமல் விடும் ஒன்றையும் எழுதிவிடுகிறேன். சுரண்டும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு பெரும்பாலானோருக்கு விந்து வெளியே வராமல் பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும், ஏனென்றால் பையின் கழுத்துப் பகுதியும் அதில் திறந்துபோகிறது. நீராவியில் இது மிகவும் குறைவு. முதல் சில வாரங்கள் விந்தில் பழுப்போ சிவப்போ கலந்து வரலாம், அது பழைய ரத்தம், தானாக நிற்கும். உறவை எப்போது தொடங்கலாம் என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள், அவர் தினமும் கேட்கும் கேள்விதான் அது.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது, அது முக்கியமானது. சுரண்டி எடுத்தால் திசுத் துணுக்குகள் பரிசோதனைக் கூடத்துக்குப் போகும், மறைந்திருக்கும் புற்றுநோய் சில நேரம் அப்படித்தான் தெரியவரும். நீராவியில் பரிசோதிக்க ஒன்றுமே வெளியே வருவதில்லை. ஆகவே புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தால் சிகிச்சைக்கு முன்பே அதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் புற்றுநோய் தொடங்கும் வெளிப்பகுதி அப்படியே இருப்பதால், பிறகும் பிஎஸ்ஏ பரிசோதனையை (புரோஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தை ரத்தத்தில் அளப்பது) தொடர வேண்டும். ஆனால் அவசரப்பட்டு ஒரு மாதத்தில் ஹெல்த் செக்கப்போடு சேர்த்து எடுத்துவிடாதீர்கள். சிதைந்த செல்களிலிருந்து பிஎஸ்ஏ ரத்தத்தில் கசிந்து எண் எகிறியிருக்கும், வீட்டில் எல்லோரும் தூக்கத்தைத் தொலைப்பீர்கள். எப்போது எடுப்பது என்று டாக்டரே சொல்வார்.

மாமாவுக்கு அன்று இவ்வளவும் சொல்லவில்லை. கேனைத் தூக்க வேண்டாம், ராத்திரி எத்தனை முறை எழுகிறீர்கள் என்று தினமும் காலண்டரில் எழுதுங்கள், அதை அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் காட்டுங்கள் என்று மட்டும் சொன்னேன். மூன்றாவது வாரக் கட்டங்களில் ஆறும் ஐந்தும் கலந்து கிடந்தன. ஆறாவது வாரம் மூன்று. பதினோராம் வாரத்தில் நாலு கட்டத்தில் ஒன்று என்று எழுதியிருந்தார், ஒரு கட்டத்தில் எதுவும் எழுதவில்லை. மறந்துவிட்டாரோ என்று கேட்டேன். அன்று எழவே இல்லையாம்.