அரியர்ஸ் கேட்கவும் கெடு உண்டு: ஜிடிஎஸ் ஊழியர்கள் கவனத்துக்கு

கிளை அஞ்சலகங்களில் வேலை பார்க்கும் ஜிடிஎஸ் (கிராமின் டாக் சேவக்) ஊழியர்களை மத்திய ஊதியக் குழு கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறையும் அவர்களுக்கென்று தனிக் கமிட்டிதான். கடைசியாக வந்த கமலேஷ் சந்திரா கமிட்டி 2016 நவம்பரில் அறிக்கை தந்தது. 2018 மே மாதம் வேலைநிறுத்தம் தொடங்கிய பிறகுதான், ஜூன் 6 அன்று, மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. புதிய டிஆர்சிஏ, அதாவது வேலை நேரத்தை வைத்து அவர்களுக்குத் தரும் மாத ஊதியம், 2018 ஜூலை 1 முதல். நிலுவை, அதாவது அரியர்ஸ், 2016 ஜனவரி 1 முதல்.

இந்த நிலுவையில்தான் பலருக்கும் இன்னும் கணக்கு இடிக்கிறது. “புது டிஆர்சிஏ 12,000. நான் வாங்கினது 6,750. மாசம் 5,250 வீதம் முப்பது மாசத்துக்கு வரணுமே சார்?” என்று கேட்பார்கள். அப்படி வராது. பழைய அடிப்படை டிஆர்சிஏவை 2.57-ஆல் பெருக்கி, அதில் ஏற்கெனவே வாங்கிய அடிப்படையையும் பஞ்சப்படியையும் கழிக்க வேண்டும். 2016 ஜனவரியை மட்டும் போட்டுப் பாருங்கள். அடிப்படை 3,000, பஞ்சப்படி 125 சதவீதம், ஆக வாங்கியது 6,750. பெருக்கி வருவது 7,710. அந்த மாத நிலுவை 960 ரூபாய்தான். எனக்கும் இது நியாயமாகப் படவில்லை. ஆனால் உத்தரவு அப்படித்தான்.

கொரோனா காலத்தில் நிறுத்திவைத்த 18 மாதப் பஞ்சப்படியும் அப்படியே. நிலுவை கிடையாது என்று அரசு நாடாளுமன்றத்திலேயே சொல்லிவிட்டது. அதற்கு வழக்குப் போடலாம் என்று யாராவது தலைக்கு இவ்வளவு என வசூலித்தால் யோசித்துக் கொடுங்கள்.

போராடிப் பெற வேண்டியது வேறு. விடுபட்ட 3 சதவீத ஆண்டு உயர்வு, ஐந்து மணி நேர வேலைக்கு நான்கு மணி நேர ஊதிய நிலை போட்டது போன்றவை. பிபிஎம் (கிளை அஞ்சலக அதிகாரி) ஒருவருக்கு இந்த நிலை மாறினால் தொடக்கத் தொகையே 14,500-க்குப் பதில் 12,000 ஆகிவிடும்.

இதற்காக வக்கீல்களான எங்களிடம் வருகிறவர்கள் கொண்டுவரும் கோப்பைப் பார்க்க அழகாக இருக்கும். துறைக்குக் கொடுத்த மனுவின் நகல், அதன் மேல் பதிவுத் தபால் ரசீது, பின்னால் ஒப்புதல் அட்டை, எல்லாம் தேதி வரிசையில் குத்தியிருக்கும். தபால்காரர்கள் அல்லவா! ஆனால் முதல் மனுவுக்குப் பிறகு இருப்பவை எல்லாம் நினைவூட்டல் கடிதங்கள். வழக்குக் கெடுவுக்கு அவற்றால் பயனில்லை.

ஜிடிஎஸ் வகிப்பது சிவில் பதவிதான் என்று ராஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1977-இலேயே சொல்லிவிட்டதால், உங்கள் வழக்கு போக வேண்டிய இடம் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். தமிழ்நாட்டுக்குச் சென்னை அமர்வு. மனுவை நிராகரித்தால் அந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். பதிலே வராவிட்டால் ஆறு மாதம் காத்திருந்து, அதற்கடுத்த ஒரு வருடத்துக்குள். திரும்பத் திரும்ப மனு கொடுப்பதால் கெடு நீளாது என்று ராத்தோர் வழக்கில் 1989-இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்த்துவிட்டது.

அப்புறம், சம்பள நிர்ணயமே தவறு என்றால் கொஞ்சம் வழி இருக்கிறது. மாதாமாதம் தொடரும் தவறு அது. தாமதமாக வந்தாலும் திருத்தக் கேட்கலாம். பணம் மட்டும், உச்ச நீதிமன்றத்தின் தர்சேம் சிங் தீர்ப்பின்படி, பொதுவாக வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடங்களுக்குத்தான். எட்டு வருடம் கழித்து வந்தால் ஐந்து வருடப் பணம் போனது போனதுதான்.

வக்கீலைப் பார்க்க வரும் முன் டியூ-டிரான் ஸ்டேட்மென்ட் வாங்கிவிடுங்கள். மாதவாரியாகச் சேர வேண்டியது எவ்வளவு, வாங்கியது எவ்வளவு என்று அதில்தான் தெரியும். கேட்டுத் தரவில்லை என்றால் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். அந்தப் பதிலுக்குக் காத்திருக்கும் நாட்களும் கெடுவில் சேரும். ஆகவே தேதி நெருங்கிவிட்டால் ஸ்டேட்மென்ட் இல்லாமலேயே வாருங்கள், வழக்கைப் போட்டுவிட்டுத் தாக்கல் செய்துகொள்ளலாம்.